ஆல்பர்ட் டாக் கிடங்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிவர்பூலுக்கு வரும் நண்பர்களையும் கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளையும் ஆல்பர்ட் டாக்கைப் பார்க்க அழைத்துப்போவது என் வழக்கம். யார் வந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள், போகப் போகச் சிக்கலானவை.

ஆல்பர்ட் டாக்னா துறைமுகமா, கட்டடமா?

இரண்டும்தான். நடுவில் ஏறத்தாழ 7.75 ஏக்கர் பரப்பில் ஒரு நீர்த்தொட்டி. கப்பல்கள் மெர்சி ஆற்றிலிருந்து மதகு வழியாக இதற்குள் வரும். வெளியே ஆற்றில் அலை ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே நீர்மட்டம் பெரிதாக மாறாது. தொட்டியைச் சுற்றி ஐந்து பெரிய செங்கல் கிடங்குகள் கரையை ஒட்டியே நிற்கின்றன.

கட்டடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு நடைபாதை அகலம்தான் இடைவெளி. மற்ற கேள்விகள் பலவற்றுக்கு விடை இந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது, அதனால் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை விக்டோரியன் கட்டடம்னு எதை வச்சுச் சொல்றாங்க?

காலத்தை வைத்துத்தான். விக்டோரியா 1837இல் அரியணை ஏறினார். இங்கே வேலை 1841இல் தொடங்கியது. அரசியின் கணவர் ஆல்பர்ட் 1846 ஜூலை 30 அன்று வந்து திறந்துவைத்தார், பெயரும் அவருடையதே. மிச்ச வேலைகள் 1847இல் முடிந்தன.

கட்டினது யாரு? ஹார்ட்லியா, ஹார்ட்விக்கா? ரெண்டு பேரும் ஒண்ணுபோலவே இருக்கு.

கிடங்குகள் ஜெஸ்ஸி ஹார்ட்லியின் வேலை. யார்க்ஷையரில் பிறந்தவர், கல்தச்சு வேலையில் பழகியவர், பாலங்கள் கட்டிக்கொண்டிருந்தவர். 1824இல் லிவர்பூல் துறைமுகப் பணிக்கு வந்தபோது அவருக்குக் கப்பல்துறை கட்டிய அனுபவம் கிடையாது. 1860இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். இன்று லிவர்பூல் ஆற்றங்கரையில் நீங்கள் பார்க்கும் பழைய கருங்கல் வேலையில் பெரும்பகுதி அவர் காலத்தது.

பிலிப் ஹார்ட்விக் லண்டன் கட்டடக்கலைஞர். 1828இல் திறந்த லண்டன் செயின்ட் கேத்தரின் டாக்கில், கரையை ஒட்டிக் கிடங்கு வைக்கும் முறையை தாமஸ் டெல்ஃபோர்டுடன் சேர்ந்து செய்து பார்த்தவர். ஆல்பர்ட் டாக்குக்கு ஆலோசனை சொன்னார். மூலையில் உள்ள டாக் டிராஃபிக் ஆபீஸ் அவர் வரைந்தது. ஆனால் அதன் மேல்தளம் ஹார்ட்லி பிறகு சேர்த்தது. அந்த ஆபீஸ் வாசலை மட்டும் தவறவிடாதீர்கள். கிரேக்கக் கோயில் முகப்பு போன்ற அந்தத் தூண்களும் மேலே உள்ள உத்தரமும் கல் அல்ல, முழுக்க வார்ப்பிரும்பு.

சரக்கு அடுக்குற குடோனுக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கெடல்?

காரணம் இரண்டு: தீ, திருட்டு.

அதற்கு முன்பு லிவர்பூலில் சரக்கைத் திறந்த கரையில் இறக்கி, வண்டியேற்றி, ஊருக்குள் தனியார் கிடங்குகளுக்குக் கொண்டுபோவார்கள். வழியெல்லாம் கை வைக்க ஆள் இருந்தது. கிடங்குகளோ மரத்தளம், மர உத்தரம், உள்ளே பஞ்சு, சர்க்கரை, எண்ணெய், சாராயம். 1802இல் கோரீ கிடங்குகள் எரிந்தன. ஆல்பர்ட் டாக் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1842இல், ஃபார்ம்பி தெருவில் பெருந்தீ. அதற்கு அடுத்த ஆண்டு கிடங்குகளைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே வந்தது. காப்பீட்டுக் கட்டணம் வணிகர்களை நெரித்தது.

சரக்கைக் கப்பலிலிருந்து நேரே பூட்டிய வளாகத்துக்குள் இறக்க வேண்டும், அந்த வளாகம் எரியக் கூடாது. ஹார்ட்லியிடம் கேட்கப்பட்டது இதுதான். இன்னொரு லாபமும் உண்டு. சுங்கக் கண்காணிப்பில் பூட்டிவைத்த சரக்குக்கு, வெளியே எடுக்கும்போது வரி கட்டினால் போதும். வணிகருக்குப் பணம் முடங்காது. ஊருக்குள் கிடங்கு வைத்திருந்தவர்கள் இந்தத் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார்கள் என்றால் ஆச்சரியமில்லை. மொத்தச் செலவு 7,82,265 பவுண்டு. அந்தக் காலத்துக்கு மலைக்கவைக்கும் தொகை.

மரமே இல்லாம மாடி மாடியா எப்படிக் கட்டினாங்க?

இந்தக் கட்டடத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். கூரை தட்டையாக இருக்காது. ஆழமில்லாத செங்கல் வளைவுகள் வரிசையாக ஓடும். ஜாக் ஆர்ச் என்பார்கள். இரண்டு வளைவுகள் கூடும் இடத்தில் ஒரு வார்ப்பிரும்பு உத்தரம் இருக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் அது தலைகீழாக்கிய ஒய் எழுத்துப் போலத் தெரியும். விரிந்த இரண்டு கால்களின் மேல் இரு பக்கத்துச் செங்கல் வளைவுகளும் உட்கார்ந்துகொள்ளும். உத்தரங்களைத் தாங்குவது வார்ப்பிரும்புத் தூண்கள். ஒரு மாடித் தூணுக்கு நேர் மேலே அடுத்த மாடித் தூண். வளைவுகளின் முதுகை நிரப்பிச் சமன் செய்து அதன் மேல் தளம் போட்டிருக்கிறார்கள்.

வளைவு என்றாலே பக்கவாட்டில் தள்ளும். பக்கத்துப் பக்கத்து வளைவுகள் ஒன்றையொன்று தள்ளிச் சமன் செய்துகொண்டாலும், கடைசி வளைவு சுவரைத் தள்ளும். அதனால் உத்தரத்துக்கு உத்தரம் இழுகம்பிகள் போட்டுக் கட்டியிருக்கிறார். இங்கே ஹார்ட்லி இரும்பைப் பிரித்துப் பயன்படுத்திய விதத்தைக் கவனிக்க வேண்டும். வார்ப்பிரும்பு நசுக்கலைத் தாங்கும், இழுத்தால் சட்டென்று உடையும். தேனிரும்பு, அதாவது அடித்துப் பதப்படுத்திய இரும்பு, இழுவையைத் தாங்கும். ஆகவே தூண் வார்ப்பிரும்பு, இழுகம்பி தேனிரும்பு. மொட்டைமாடிக்குப் பதிலாக உள்ள கூரையும் தேனிரும்புத் தகடுதான். துத்தநாகம் பூசிய தகடுகளை ரிவிட் அடித்து ஒன்றாகச் சேர்த்து, அந்தத் தோலே பாரத்தைத் தாங்கும்படி செய்திருக்கிறார்.

வெறும் கணக்கை நம்பி அவர் இறங்கவில்லை. பல வடிவங்களை வரைந்து செலவு ஒப்பிட்டார். 18 அடிக்கு 10 அடியில் ஒரு மாதிரிக் கட்டடம் கட்டி, உள்ளே மரத்தையும் தாரையும் நிரப்பிக் கொளுத்தியே பார்த்தார். அதற்குப் பிறகுதான் செங்கல், கல், இரும்பு மட்டும் என்று முடிவானது. கட்டமைப்பில் மரமே இல்லாத இப்படியொரு கிடங்குத் தொகுதி பிரிட்டனில் இதுவே முதல்.

கீழே நிக்கிற சிவப்புத் தூண் ஏன் இவ்வளவு குண்டா இருக்கு? அழகுக்கா?

உயரம் 15 அடி, சுற்றளவு 12 அடிக்கும் மேல். கிரேக்க டோரிக் தூணின் அளவொழுங்கைப் பின்பற்றியவை என்பதால் அழகுக்காக என்று தோன்றும். ஆனால் மேலே பாருங்கள். இந்தத் தூண்கள் தாங்குவது உள்தளத்தை மட்டுமல்ல, நான்கு மாடி வெளிச்சுவரை. அந்தச் சுவர் அடியில் சுமார் 3 அடி தடிமன், மேலே போகப் போக மெலியும். 3 அடிச் சுவரை ஒல்லித் தூணின் தலையில் வைக்க முடியாது. சுவரின் அகலமே தூணின் அகலத்தைத் தீர்மானித்துவிட்டது. கரையில் உருளும் பீப்பாயும் வண்டியும் மோதும் இடம் வேறு. உருண்டையாக, மூலையில்லாமல் இருப்பது நல்லதுதானே.

கையால் தட்டிப் பாருங்கள். உள்ளே கூடு. கல்லாக இருந்தால் அந்த ஓசை வராது.

தூணுக்கு மேலே சில இடத்துல மட்டும் பெரிய வளைவு வருதே, ஏன்?

தூண் வரிசை ஒரே உயரத்தில் ஓடிக்கொண்டே வந்து, இடையிடையே அகன்ற நீள்வட்ட வளைவாக அடுத்த மாடி உயரத்துக்கு எழும்பும். கரையில் கிரேன் இயங்கச் சுழல் இடம் வேண்டும் என்பதற்காக விட்ட திறப்பு அது. சமதூரத்தில் வருவதால் முகப்புக்கு ஒரு தாளம் கிடைத்துவிட்டது. லிவர்பூலில் எனக்கு மிகப் பிடித்த காட்சி இந்த வளைவு வரிசை, தண்ணீருக்கு எதிர்க்கரையில் நின்று பார்க்கும்போது.

ஜன்னல் எல்லாம் ஏன் சின்னச் சின்னதா?

பஞ்சுப் பொதிக்கும் தேயிலைப் பெட்டிக்கும் வெளிச்சம் தேவையில்லை. திறப்பு குறைந்தால் திருட்டும் குறையும், தீக்குக் காற்றும் குறையும். ஜன்னலின் சட்டம்கூட இரும்பு.

சரக்கை மேல்மாடிக்கு எப்படி ஏத்தினாங்க?

முதலில் ஆள்பலம்தான். சுவரில் ஒன்றின் மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் கதவுகள் இருப்பதைப் பாருங்கள். ஒவ்வொரு மாடிக்கும் ஒன்று. மேலிருந்து சங்கிலி இறங்கும், சரக்கு தொங்கியபடி ஏறும், வேண்டிய மாடியில் உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

1848இல் நீரழுத்தத்தில் இயங்கும் பாரந்தூக்கிகள் வந்தன. உலகிலேயே கிடங்கில் இவை முதன்முதலாக வேலை செய்தது இங்கேதான். வில்லியம் ஆம்ஸ்ட்ராங் நியூகாசிலில் 1846இல் இத்தகைய கிரேனை இயக்கிக் காட்டியிருந்தார். ஹார்ட்லி நேரில் போய்ப் பார்த்து, திருப்தியான பிறகே வாங்கினார். தத்துவம் எளிது. அழுத்தமான நீர் ஒரு உருளைக்குள் தண்டைத் தள்ளும். தண்டு நகர்வது கொஞ்சம்தான். ஆனால் சங்கிலி பல கப்பிகளில் சுற்றிவருவதால் கொக்கி பல மடங்கு உயரம் ஏறிவிடும். நீரழுத்தம் கொடுக்கப் பிற்பாடு கட்டிய பம்ப் ஹவுஸ் இன்றும் புகைபோக்கியோடு நிற்கிறது. இப்போது அது மதுக்கடை.

மரமே வேண்டாம்னு சொன்னவர் அடித்தளத்துல மட்டும் மரத்தை இறக்கியிருக்காரே?

நல்ல கேள்வி. மாணவர்கள் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். ஆற்றங்கரையின் இளகிய மண்ணில் இவ்வளவு எடையை வைக்க, 13,000க்கும் மேற்பட்ட மரக்கம்பங்களை அடித்து இறக்கினார்கள். எல்லாவற்றையும் நீளவாக்கில் வைத்தால் 48 மைல் வரும் என்பது கணக்கு.

மேலே மரத்தை விலக்கியது தீக்குப் பயந்து. நிலத்தடி நீருக்குள் தீ ஏது? மரம் மட்கவும் காற்று வேண்டும். எப்போதும் நனைந்த மண்ணில், ஆக்சிஜன் எட்டாத இடத்தில், மரம் நூற்றாண்டுக் கணக்கில் கெடாமல் இருக்கும். நீர்மட்டம் இறங்கி நனைவதும் காய்வதுமாக மாறினால்தான் ஆபத்து. ஒரே பொருள் ஓரிடத்தில் ஆகாது, இன்னோரிடத்தில் அதைவிடச் சிறந்தது இல்லை. ஹார்ட்லி இரும்பைப் பிரித்தது பற்றி மேலே சொன்னதும் இதே அறிவுதான்.

அப்போ இது உண்மையிலேயே ஃபயர்ப்ரூஃபா?

கட்டடம் எரியாது. உள்ளே இருக்கும் சரக்கு எரியும். இந்த வித்தியாசத்தை 19ஆம் நூற்றாண்டில் பலர் உயிரைக் கொடுத்துக் கற்றார்கள். வார்ப்பிரும்பு நெருப்பில் பழுக்கக் காய்ந்து, அதன் மேல் குழாய்த் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டு நொறுங்கும். மரத்தூண் கரிந்து மெல்ல மெல்ல வலுவிழக்கும், இரும்போ முன்னறிவிப்பே தராது. லண்டன் தீயணைப்புத் தலைவர் ஜேம்ஸ் பிரெய்டுவுட் இரும்புக் கட்டடங்களைப் பற்றி இப்படி எச்சரித்தவர். 1861 ஜூனில் லண்டன் டூலி தெருக் கிடங்குகளில் தீப்பிடித்தபோது, சுவர் சரிந்து அவரே இறந்தார். அங்கே தீயைத் தடுக்க இரும்புக் கதவுகள் இருந்தன. அவற்றைத் திறந்தே விட்டிருந்தார்கள்.

ஆல்பர்ட் டாக்கின் பலம் இரும்பில் மட்டும் இல்லை. ஒவ்வொரு கிடங்கையும் தடித்த குறுக்குச் சுவர்கள் அறைகளாகப் பிரிக்கின்றன. ஒரு பகுதி போனாலும் அடுத்தது மிஞ்ச வேண்டும் என்ற ஏற்பாடு. 1941 மே மாத விமானத் தாக்குதலில் குண்டு விழுந்து ஒரு பகுதி சேதமானது, ஆனாலும் மற்றவை நின்றன.

மான்செஸ்டர்ல கிடங்கே அரண்மனை மாதிரி இருக்கு. இங்க மட்டும் ஏன் இவ்வளவு மொட்டையா?

அங்கே கிடங்கு என்றால் கடை. மான்செஸ்டரின் போர்ட்லண்ட் தெருவில் உள்ள வாட்ஸ் கிடங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். டிராவிஸ், மாங்னல் என்ற இரு கட்டடக்கலைஞர்கள் வரைந்து 1856இல் முடிந்தது. ஏறத்தாழ 300 அடி நீளம், மாடிக்கு மாடி வேறு பாணி. ஒன்று இத்தாலிய மறுமலர்ச்சி, ஒன்று எலிசபெத் காலம், இன்னொன்று ஃபிளெமிஷ். உச்சியில் தேவாலயத்தில் வருவது போன்ற வட்டச் சாளரங்கள். துணி வாங்க ஊர் ஊராக வணிகர்கள் வந்து, படியேறி, வெளிச்சத்தில் நிறமும் நெசவும் பார்த்து வாங்கினார்கள். ஆகவே பெரிய ஜன்னல், பெரிய படிக்கட்டு, பெரிய முகப்பு. இப்போது அது ஓட்டல்.

ஆல்பர்ட் டாக்கில் வாங்க வருபவர் யாருமில்லை. சரக்கு வரும், கிடக்கும், போகும். லிவர்பூலின் கட்டடக்கலைஞரும் வரலாற்றாசிரியருமான ஜேம்ஸ் பிக்டனுக்கு இந்த மொட்டைச் செங்கல் பிடிக்கவே இல்லை. உறுதியைப் பாராட்டிவிட்டு, அவலட்சணம் என்று எழுதினார். எனக்கு அவரோடு உடன்பாடில்லை. கரைச்சுவரில் ஹார்ட்லி கருங்கல் பதித்திருப்பதைக் குனிந்து பாருங்கள். பெரிதும் சிறிதுமாக, கோணல் மாணலாக வந்த கல்லை அதன் வடிவத்திலேயே விட்டு, பக்கத்துக் கல்லை அதற்கேற்பச் செதுக்கிப் பொருத்தியிருக்கிறார். இணைப்பில் நகம்கூட நுழையாத இடங்கள் உண்டு. அலங்காரத்தில் அக்கறை இல்லாதவர் என்று வேண்டுமானால் அவரைச் சொல்லலாம், அழகில் அக்கறை இல்லாதவர் என்று சொல்ல முடியாது.

ஊர்ல ஒரு பழைய செங்கல் கட்டடத்தைப் பார்த்தா மில்லா, கிடங்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மில்லுக்கு வரிசையான பெரிய ஜன்னல், பக்கத்தில் எந்திர அறை, புகைபோக்கி. கிடங்குக்குச் சின்ன ஜன்னல், மேலே சொன்ன நேர்க்கோட்டுக் கதவுகள், உச்சியில் கப்பி மாட்டும் உத்தரம். மான்செஸ்டர் விற்பனைக் கிடங்குகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றின் முன்பக்கம் ஏமாற்றும், பின் சந்துக்குப் போய்ப் பாருங்கள், கதவு வரிசை அங்கே இருக்கும்.

இவ்வளவு நல்லாக் கட்டினது ஏன் சீக்கிரமே பயனில்லாமப் போச்சு?

கப்பல் மாறிவிட்டது. ஆயிரம் டன் பாய்மரக் கப்பலுக்கு அளவெடுத்துச் செய்த வாசல் இது. இருபது ஆண்டுக்குள் நீராவிக் கப்பல்கள் அதைவிடப் பெரிதாகிவிட்டன. 1920 வாக்கில் கப்பல் வருவது ஏறத்தாழ நின்றது. கிடங்காக மட்டும் ஓடி 1972இல் மூடப்பட்டது. மதகைத் திறந்து விட்டதில் தொட்டி முழுக்கச் சேறு. இடித்துவிடலாம் என்ற பேச்சும் இருந்தது. 1952இலேயே முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்திருந்தது காப்பாற்றியது. 1981இல் அமைந்த மெர்சிசைடு வளர்ச்சிக் கழகம் சேற்றை அள்ளிச் சீரமைத்தது. கடல்சார் அருங்காட்சியகம் 1986இலும், ஜேம்ஸ் ஸ்டெர்லிங் வடிவமைத்த டேட் கலைக்கூடம் 1988இலும் வந்தன.

இது அடிமை வணிகத்துக்காகக் கட்டினதா?

நேரடியாக இல்லை. பிரிட்டன் அடிமைக் கடத்தலை 1807இலும், தன் காலனிகளில் அடிமைமுறையை 1833 சட்டத்தாலும் தடை செய்தது. டாக் திறந்தது 1846இல். ஆனால் அத்தோடு பதிலை முடித்தால் அது நேர்மையாகாது. இந்த மாடிகளில் அடுக்கிய அமெரிக்கப் பஞ்சும் புகையிலையும் 1865 வரை அடிமைகள் விளைவித்தவை. கியூபா, பிரேசில் சர்க்கரைக்கு இன்னும் பின்னால்வரை அதே கதை. இப்படியொரு கட்டடத்தைக் கட்டும் அளவுக்கு ஊர் செழித்ததில் 18ஆம் நூற்றாண்டில் அடிமைக் கப்பல்களை அனுப்பிச் சேர்த்த பணத்துக்கும் பெரும் பங்கு உண்டு. 2007இல் சர்வதேச அடிமைத்தன அருங்காட்சியகத்தை இதே கட்டடத்தில் வைத்தது பொருத்தமான முடிவு.

யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியப் பட்டியல்லேருந்து எடுத்துட்டாங்களே, கட்டடத்தைக் கெடுத்துட்டாங்களா?

இல்லை. 2004இல் சேர்த்ததும் 2021இல் நீக்கியதும் லிவர்பூலின் துறைமுகப் பகுதி முழுவதையும் ஓர் அலகாக வைத்து. வடக்கே நடக்கும் பெரும் கட்டுமானத் திட்டங்களும் பிராம்லி மூர் டாக்கில் கால்பந்து அரங்கமும்தான் காரணம். ஆல்பர்ட் டாக்குக்கு உள்நாட்டுப் பாதுகாப்பு அப்படியே இருக்கிறது.

உள்ளே கடையும் ஓட்டலும் வந்தாச்சு. இதை இன்னும் கிடங்குன்னு பார்க்க முடியுமா?

முடியும், இடம் தெரிந்தால். கரையோரத் தூண் நடைபாதை போதும், செங்கல் வளைவுகள் தலைக்கு மேலேயே தெரியும். வளாகத்து ஓட்டல் ஒன்றில் அறைக் கூரையாகவே அவை இருக்கின்றன. டேட் 2023 அக்டோபரில் புதுப்பிப்புக்காக மூடியது. அருங்காட்சியகங்களிலும் வேலை நடப்பதுண்டு, போகும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கிடங்கு எல்லாமே இப்படி எளிதாக மாறிவிடாது என்பதற்கு ஆற்றோரமாக வடக்கே போனால் ஸ்டான்லி டாக் புகையிலைக் கிடங்கு சாட்சி. விக்டோரியா இறந்த 1901இல் முடிந்தது, 14 மாடி, 2.7 கோடி செங்கல். ஆனால் புகையிலைப் பீப்பாயின் உயரத்துக்கு அளவெடுத்த மாடி என்பதால் கூரை 7 அடிக்குக் கொஞ்சம்தான் மேலே. அகலமோ அதிகம், நடுவில் வெளிச்சமே எட்டாது. பல பத்தாண்டுகள் என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்து, கடைசியில் நடுப்பகுதியை மேலிருந்து கீழ்வரை வெட்டியெடுத்து முற்றமாக்கிய பிறகே குடியிருப்பாக மாற்ற முடிந்தது. ஆல்பர்ட் டாக்கில் அப்படி எதையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. பல வகைச் சரக்கு வரும் என்று ஹார்ட்லி தாராளமாக விட்ட உயரத்தில், அளவான அகலத்தில், ஓவியமும் உணவகமும் அப்படியே அடங்கிக்கொண்டன.